பைகுலாவிலிருந்து ஒரு குரல்

நம் சங்கீதக்காரர்களிடம் சுருதிக்கு ஒரு கணக்கு உண்டு. ஆடவர் பாடினால் ஒரு கட்டை, பெண்டிர் பாடினால் ஐந்து கட்டை அல்லது அதனை ஒட்டி என்பது பொதுவான வழக்கு. ஆர்மோனியப் பெட்டியின் கட்டைகளை எண்ணி வந்த வழக்கு இது. அதே ‘கட்டை’ என்ற சொல்லைப் பேச்சு வழக்கிலே ஒரு பெண்ணின் குரலுக்கு அடைமொழியாக்கி, ‘கட்டைக் குரல்’ என்று சொல்லிவிட்டால், அவளுக்குப் பாட்டு வாராது என்று தீர்ப்பெழுதியதாகப் பொருள். பெண் பார்க்க வந்த இடத்தில் ஒரு பாட்டுப் பாடச் சொல்லும் காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் இவ்விரண்டு சொற்கள் எத்தனை பெண்களின் வாயை அடைத்தன என்பதற்குக் கணக்கில்லை.

அத்தகைய குரல் ஒன்று, தமிழ்க் குடும்பம் ஒன்றில், பம்பாய் நகரில் பிறந்தது. பள்ளியின் இசை வகுப்பில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. பிறகு அஃது இந்திய நாடெங்கும் ஒலித்தது. திரையிசையின் பெருவழியிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஒதுங்கியிருந்தது. 2011-ஆம் ஆண்டில் ஒரே ஒரு பாட்டினால் மீண்டும் அப்பெருவழிக்கு வந்து சேர்ந்தது. உஷா உதுப் என்னும் பாடகியையும், ‘டார்லிங்’ என்னும் அந்தப் பாட்டையும் பற்றியே இக்கட்டுரையில் சொல்ல முற்படுகிறேன். பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இக்கதையில் ஓர் உரிமை உண்டு என்பது என் எண்ணம்.

உஷா 1947-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பம்பாயில் பிறந்தார். தந்தையார் காவல் துறை அதிகாரி. குடும்பம் வாழ்ந்த இடம் பைகுலா. இதனை நேயர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். பம்பாய்த் தமிழர் என்றதும் நம் மனத்தில் எழுவன வேறு இடங்கள். மாதுங்காவில் ஆஸ்திக சமாஜத்தின் கோயில், பூக்கடைகள், காபிக்கொட்டை வறுக்கும் மணம், 1952-இல் தொடங்கிய சண்முகானந்த சபை, அச்சபை 1963-இல் எழுப்பிய பெரிய அரங்கம். தாராவியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் அமர்ந்த மக்கள். செம்பூரில் அலுவலகக் குடும்பங்கள். பைகுலா இவற்றில் எதுவும் அன்று. அங்கே கோவாக் கிறிஸ்தவர், பார்சிகள், முகம்மதியர், யூதர், மராட்டியர் ஆகியோரிடையே ஒரு தமிழ்க் குடும்பம் என்றால், அக்குடும்பத்துக் குழந்தை தெருவில் இறங்கியவுடனே நான்கு மொழி கேட்கும். அடுத்த வீட்டிலிருந்த பட்டாணியர் குடும்பத்தோடு பழகியே தாம் இந்தி மொழியில் நாட்டம் கொண்டதாக உஷா கூறியிருக்கிறார். வீட்டிலோ வானொலிப் பெட்டியில் கருநாடக சங்கீதமும், படே குலாம் அலி கானின் இந்துஸ்தானி இசையும், மேனாட்டு இசையும் மாறி மாறி ஒலித்தன.

இவ்விடத்தில் வானொலியின் வரலாற்றைச் சற்றே தொட்டுச் செல்ல வேண்டியிருக்கிறது. 1952-இல் செய்தி ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர் சாஸ்திரிய சங்கீதத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். திரைப்பாடல் மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதியவர். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் சுருங்கிச் சுருங்கி மறைந்தே போயிற்று. மக்கள் என்ன செய்தனர்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைப் பிடித்துக்கொண்டனர். அந்த வர்த்தக ஒலிபரப்பில் அமீன் சயானி நடத்திய ‘பினாக்கா கீத்மாலா’வுக்காக இந்திய நாடே வாரந்தோறும் காத்துக் கிடந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்நிகழ்ச்சிகள் பம்பாயிலேயே ஒலிப்பதிவாகி, நாடாவாகக் கொழும்பு சென்று, அங்கிருந்து மீண்டும் பம்பாய் வீடுகளுக்கே வந்து சேர்ந்தன. 1957 அக்டோபர் 3-ஆம் நாள் ‘விவித பாரதி’ தொடங்கிய பிறகே நம் வானொலி இழந்த நேயர்களைத் திரும்பப் பெறத் தலைப்பட்டது. மறுவருகை என்பது பாடகர்க்கு மட்டும் உரியதன்று, நிலையங்களுக்கும் உண்டு.

உஷாவின் தமக்கையர் ஏற்கெனவே மேடையில் பாடி வந்தவர்கள். ‘சாமி சகோதரிகள்’ என்று அவர்களுக்குப் பெயர். அவர்களுள் உமா போச்சா பாடிய ‘பம்பாய் மேரீ ஹை’ என்ற பாட்டை அந்நகரத்துப் பழைய மனிதர்கள் இன்றும் முணுமுணுப்பார்கள். தமக்கையர் வழியாக அமீன் சயானியின் அறிமுகம் கிடைத்தது. ஒன்பது வயதில், ஓவல்டின் நிறுவனத்தார் ஆதரவில் இலங்கை வானொலியில் நடந்த இசை நிகழ்ச்சியில், ‘மாக்கிங்பேர்ட் ஹில்’ என்ற ஆங்கிலப் பாட்டை உஷா பாடினார். அவர் வெளியார்முன் பாடிய முதற்பாட்டு இதுவே. பள்ளியிலோ கதை வேறு. கன்னிமாடப் பள்ளியின் சேர்ந்திசையில் மென்மையான பெண் குரல்களுக்கிடையே இக்குரல் பொருந்தவில்லை என்று வகுப்பிலிருந்து விலக்கினர். பிறகு, இந்தப் பெண்ணிடம் இசை ஏதோ இருக்கிறது என்று கண்ட ஆசிரியை ஒருவர், பாட வேண்டா, தாளமாவது தட்டட்டும் என்று தாளக்கருவியைக் கையில் கொடுத்ததாக உஷா பல நேர்காணல்களில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். முறையான இசைப் பயிற்சி அவருக்கு வாய்க்கவேயில்லை.

1960-களின் இறுதியில் சென்னை மவுண்ட் ரோடில், சபையர் திரையரங்க வளாகத்தில், ‘நைன் ஜெம்ஸ்’ என்றொரு இரவு விடுதி இருந்தது. அங்கே ஒரு நாள் பார்வையாளராக அமர்ந்திருந்த உஷா மேடையேறிப் பாடினார். அது பிடித்துப்போய் விடுதியார் அவரை நாள்தோறும் பாட வைத்தனர். பட்டுப் புடைவை, நெற்றியில் பெரிய பொட்டு, கூந்தலில் பூச்சரம். வாயில் மேனாட்டுப் பாட்டு! இரவு விடுதியில் பாடும் பெண் என்றால் இப்படித்தான் இருப்பாள் என்று ஊரார் வகுத்திருந்த இலக்கணம் அங்கே உடைந்தது. இது விளம்பரத்துக்காகப் போட்ட வேடம் என்று சிலர் எண்ணினர். நான் அவ்வாறு நினைக்கவில்லை. நடுத்தர வகுப்புத் தமிழ்ப் பெண் ஒருத்தி வீட்டைவிட்டு வெளியே புறப்படும்போது உடுத்துவதை உடுத்திக்கொண்டு போனார்; அவ்வளவுதான். வேடம் போடாமையே புதுமையாகத் தெரிந்தது.

சென்னையிலிருந்து பம்பாய், அங்கிருந்து கல்கத்தா. பார்க் தெருவிலுள்ள ‘டிரிங்காஸ்’ உணவகத்தில் 1969-இல் பாடத் தொடங்கினார். பிற்காலத்தில் கணவராக வாய்த்த ஜானி சாக்கோ உதுப் என்ற கேரளத்தவரை அங்கேதான் கண்டார். 1968-இல் ‘ஜம்பலாயா’, ‘கிரீன்பேக் டாலர்’ முதலிய ஆங்கிலப் பாட்டுகள் அவர் குரலில் இசைத்தட்டாக வந்து நன்கு விற்றிருந்தன. தில்லியின் ஓட்டல் ஒன்றில் பாடிக்கொண்டிருந்தபோது தேவ் ஆனந்த் குழுவினர் கேட்டனர். 1971-இல் ‘ஹரே ராமா ஹரே கிருஷ்ணா’ படத்தில் ராகுல் தேவ் பர்மனின் இசையில் ஆஷா போஸ்லேயோடு பாடினார். அதற்கு முந்திய ஆண்டு ‘பாம்பே டாக்கி’ படத்துக்குச் சங்கர்–ஜெய்கிஷன் இசையிலும் பாடியிருந்தார். அந்நாளைய தட்டுகளில் அச்சான பெயர் ‘உஷா ஐயர்’.

தமிழிலும் அவர் வந்தார். ஏ. பி. நாகராசனின் ‘மேல்நாட்டு மருமகள்’ 1975-இல் வெளியாயிற்று. கமலஹாசன் நடித்த அப்படத்துக்குக் குன்னக்குடி வைத்தியநாதன் இசையமைத்தார். ‘திருவிளையாடல்’ எடுத்த இயக்குநரும், வயலின் வித்துவானும் ஆங்கிலப் பாட்டுக்காக உஷாவைத் திரையிலேயே தோன்றிப் பாடச் செய்தார்கள் என்பதை இன்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

அடுத்து வந்தவை அவருடைய பெருநாட்கள். 1978-இல் ‘ஷாலிமார்’. 1980-இல் ‘பியாரா துஷ்மன்’. 1981-இல் ‘அர்மான்’. 1982-இல் ‘டிஸ்கோ டான்சர்’. பின்னைய மூன்றுக்கும் பப்பி லஹிரி இசை. மேனாட்டு மெட்டுகளைத் தயக்கமின்றி எடுத்தாண்ட காலம் அது. ‘பியாரா துஷ்மன்’ படத்தில் உஷா பாடிய பாட்டு, ‘இரப்ஷன்’ குழுவினர் பாடிப் புகழ்பெற்ற ‘ஒன் வே டிக்கெட்’ என்பதன் மெட்டு. ‘டிஸ்கோ டான்சர்’ பாட்டின் மெட்டோ, ‘வீடியோ கில்டு த ரேடியோ ஸ்டார்’ என்பதிலிருந்து பிறந்தது; அதாவது, வானொலி நட்சத்திரத்தை ஒளிப்படம் கொன்றுவிட்டது என்று புலம்பும் பாட்டு. வானொலியில் வளர்ந்த ஒருவர் அதைப் பாட நேர்ந்ததை விதியின் குறும்பு என்று சொல்லலாம்.

இக்காலத்தில்தான் நான் செம்பூரில் சிறுபிள்ளையாக இருந்தேன். கணேச சதுர்த்திப் பந்தல் எங்கள் குடியிருப்பின் வாயிலிலேயே போடுவார்கள். காலையில் ஆரத்தி; மாலையில் ஒலிபெருக்கியில் திரைப்பாட்டு. ‘அர்மான்’ பாட்டு தொடங்கினால் என் தாயார் எழுந்து சென்று சன்னலைச் சாத்துவார். “பெண்பிள்ளைக் குரலா அது, தடிப்பயல் குரல்!” என்பார். அது நம்மூர்ப் பெண், ஐயர் வீட்டுப் பெண் என்று அடுத்த வீட்டு மாமி சொன்னபோது தாயாருக்கு வருத்தம் கூடியதே தவிரக் குறையவில்லை. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. எத்தனையோ தமிழ் வீடுகளில் இதே சன்னல் சாத்தப்பட்டிருக்கும். வெளியூரில் குடியேறியவர்களுக்குத் தம் பண்பாட்டைப் பற்றி ஒரு கூடுதல் கவலை உண்டு. ஊரிலே இருப்பவன் தளர்த்திவிட்ட கட்டையும் இவன் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பான்.

ஆயினும் சன்னலைச் சாத்துவது வேறு, மேடையையே மூடுவது வேறு. 1983-இல் மேற்கு வங்கத்தில் பொதுப்பணித் துறை அமைச்சராக இருந்த ஜதின் சக்கரவர்த்தி, உஷா உதுப் பாடுவது ‘அபசம்ஸ்கிருதி’ என்று கூறி, அரசு அரங்குகளில் அவர் பாடத் தடை விதித்தார். இந்த வங்கச் சொல்லை எவ்வாறு தமிழாக்குவது? ‘பண்பாட்டுச் சீர்கேடு’ என்றால் பொருள் வரும், சினம் வாராது. ‘கெட்ட நாகரிகம்’ என்றால் சினம் வரும், அரசு மொழியின் மிடுக்கு வாராது. கோப்புகளை மொழிபெயர்த்தே காலம் கழிக்கும் எனக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: ஓர் அமைச்சர் வாயிலிருந்து வரும் அடைமொழி தாளில் ஏறியதும், அது கருத்து என்னும் நிலையிலிருந்து கட்டளை என்னும் நிலைக்கு மாறிவிடும். உஷா அழுதுகொண்டு ஊரை விட்டுப் போகவில்லை. நீதிமன்றத்தை நாடினார், வழக்கில் வென்றார். அதன் பின்னரும் கல்கத்தாவையே தம் ஊராகக் கொண்டார். அவர் நெற்றிப் பொட்டில் காணும் வங்க எழுத்து ‘க’ என்பது, கொல்கத்தாவின் ‘க’. தம்மைத் தடுத்த ஊரின் முதலெழுத்தைத் திலகமாக இட்டுக்கொண்டவர் வேறு யாரேனும் உளரா என்று எனக்குத் தெரியவில்லை.

வழக்கில் வென்றாலும் திரையிசையில் அவர் இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. டிஸ்கோ மோகம் தணிந்தது. லதா மங்கேஷ்கர் பல ஆண்டுகளாக நிலைநாட்டிய உயர்ந்த, மெல்லிய பெண் குரலே கதாநாயகியின் குரல் என்ற நியதி மீண்டும் உறுதிப்பட்டது. உஷாவின் குரல் விடுதி நடனத்துக்கு உரியது என்று முத்திரை குத்தப்பட்டிருந்தது. விடுதி நடனக் காட்சியே படங்களில் அருகியபோது அக்குரலுக்கு வேலையும் அருகியது. முற்றிலும் மறைந்துவிட்டார் என்று சொல்லிவிட முடியாது. மேடைக் கச்சேரிகள் ஓயவில்லை; பல இந்திய மொழிகளில் பாடினார்; விளம்பரப் பாட்டுகள் பாடினார்; 2001-இல் ‘கபி குஷி கபி கம்’ படத்தில் ‘வந்தே மாதரம்’ பாடியவர்களில் அவரும் ஒருவர். மம்மூட்டிக்குத் தாயாராக ஒரு மலையாளப் படத்திலும், 2010-இல் ‘மன்மதன் அம்பு’ தமிழ்ப் படத்தில் மாதவனுக்குத் தாயாராகவும் நடித்தார். தாயார் வேடம் வந்துவிட்டால் பாட்டுக்காலம் முடிந்தது என்பதே திரையுலகின் கணிப்பு.

இந்நிலையில்தான் விசால் பரத்வாஜ் வந்தார். அவர் இயக்குநரும் இசையமைப்பாளரும் ஒருவரேயாக அமைந்த அரிய கலைஞர். ரஸ்கின் பாண்டின் சிறுகதை ஒன்றைப் படமாக்க விரும்பினார். ஒரு பெண்; அவளை மணந்த கணவர் ஒவ்வொருவராக மாண்டு போகின்றனர்; இதுவே கதை. விசாலின் வேண்டுகோளுக்காக எழுத்தாளர் அச்சிறுகதையைக் குறுநாவலாக விரித்தெழுதினார். படத்துக்கு ‘சாத் கூன் மாஃப்’ என்று பெயர். ஏழு கொலைகளுக்கு மன்னிப்பு என்பது பொருள். பிரியங்கா சோப்ரா கதாநாயகி. படப்பிடிப்பின் ஒரு பகுதி குடகிலும் நம் புதுச்சேரியிலும் நடந்தது. அவ்வீட்டுப் பணிப்பெண் மேகி என்னும் வேடத்தில் நடிக்க உஷா உதுப் அழைக்கப்பட்டார். நடிக்க வந்தவரே பாடவும் செய்தார்.

நான்காவது கணவன் ஓர் ருசியன். ஆகவே பாட்டுக்கும் ருசிய மெட்டு ஒன்று வேண்டியிருந்தது. விசால் எடுத்துக்கொண்டது ‘கலின்கா’. இப்பாட்டு நாட்டுப்பாடல் என்றே உலகெங்கும் வழங்கினாலும், 1860-இல் இவான் லரியோனவ் என்பவர் இயற்றியது. முதலில் சரடோவ் நகர மேடையில் பாடப்பெற்றது. கலினா என்பது கொத்துக் கொத்தாகச் சிவந்த கனி தரும் ஒரு செடி. கலின்கா என்றால் ‘குட்டிக் கலினா’ என்னும் செல்ல வழக்கு. சோவியத் படையின் அலெக்சாண்டிரவ் பாடற்குழு இதனை நாடு நாடாகக் கொண்டு சென்றது. இம்மெட்டின் தனிச்சிறப்பு அதன் காலப்பிரமாணம். பல்லவி மெதுவாகத் தொடங்கும். ஒவ்வொரு சுற்றிலும் விரைவு கூடும். முடிவில் கைதட்டுவோரின் கை மட்டும் தனியே ஓடும். நம் தனியாவர்த்தனத்தின் இறுதியில் மிருதங்கக்காரர் காட்டும் விறுவிறுப்பைக் கேட்டவர்களுக்கு இந்தச் சுகம் புதிதன்று.

பாடலாசிரியர் குல்சார். அவர் செய்த செயல் ஒரு மொழிபெயர்ப்பாளனுக்குப் பொறாமை தருவது. ‘கலின்கா’ என்ற மூவசைச் சொல் பல்லவியில் மீண்டும் மீண்டும் விழும். அவ்விடத்தில் இந்திச் சொல் எதனை இட்டாலும் மெட்டு நொண்டும். ருசியச் சொல்லையே விட்டால் பொருள் நொண்டும். அவர் இட்டது ‘டார்லிங்’. இஃது ஆங்கிலச் சொல்லாயினும், பம்பாய் பாந்திராவிலும் கோவாவிலும் புதுச்சேரியிலும் கிறிஸ்தவக் குடும்பங்களின் வீட்டுச் சொல். தமிழில் ‘கண்ணே’ என்போம், ‘அன்பே’ என்போம். அவற்றில் கொஞ்சல் மட்டுமே உண்டு. ‘டார்லிங்’ என்பதில் கொஞ்சலும் உண்டு, சற்றே கேலியும் உண்டு. கணவர்களை வரிசையாக அனுப்பிவைக்கும் ஒரு பெண் அதை விளித்தால், கேட்பவனுக்கு முதுகு சில்லிட வேண்டும். அந்தச் சில்லிடலுக்குத் தேன் குரல் உதவாது. கட்டைக் குரல்தான் வேண்டும். விசால் பரத்வாஜ் உஷாவைத் தேடிப் போனது பழைய நட்சத்திரத்தின் மேல் இரக்கம் கொண்டு அன்று. பாட்டுக்கு அக்குரல் தேவைப்பட்டதால் என்றே நான் கொள்கிறேன். மறுவருகைகளில் இரக்கத்தினால் நிகழ்வன நிலைப்பதில்லை.

உஷாவோடு இணைந்து பாடியவர் விசாலின் மனைவி ரேகா பரத்வாஜ். அவருடையதும் வழக்கமான கதாநாயகிக் குரல் அன்று. சற்றே கரகரத்த, நாட்டுப்புறத் தன்மை கொண்ட குரல். இரண்டு குரல்களும் ஒன்றையொன்று சீண்டுவதுபோல அமைந்திருப்பதே பாட்டின் உயிர். ‘தூஸ்ரீ டார்லிங்’ என்று வேறோர் வடிவமும் பதிவாயிற்று. அதில் கிளின்டன் செரேஜோவும் பிரான்சுவா காஸ்டலினோவும் சேர்ந்து பாடினர்.

ஒலிப்பதிவு முறை மாறிவிட்டதையும் சொல்ல வேண்டும். உஷா ‘உஷா ஐயர்’ ஆக இருந்த நாளில், பம்பாயின் தார்தேவ் போன்ற இடங்களிலிருந்த கூடங்களில் வயலின்காரர் ஐம்பதின்மர், தாளக்காரர் பதின்மர், பாடகர், எல்லாரும் ஒரே நேரத்தில் இசைத்தாக வேண்டும். கடைசி அடியில் ஒருவர் தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாடகருக்கு அங்கே பார்வையாளர் உண்டு. வாத்தியக்காரரின் தலையசைப்பே பாதி ஊக்கம். 2011-இல் நிலைமை வேறு. கணிப்பொறியில் தாளம் முன்னரே பதிந்திருக்கும். பாடகர் கண்ணாடிச் சுவருக்கு இப்பால் தனியே நின்று, காதொலிப்பானில் கேட்டுப் பாட, குரல் தனித்தடத்தில் பதியும். இருவர் பாடும் பாட்டுக்கு இருவரும் ஒரே நாளில் வந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இதனால் பிழை குறைந்தது. களிப்பும் குறைந்தது என்பர். விடுதி மேடையிலே, தட்டு ஒலிக்கும் கூட்டத்தின் கவனத்தைப் பிடித்திழுத்துப் பாடிப் பழகிய ஒருவருக்கு இவ்வெறுமையான அறை ஒரு சோதனைதான். ‘டார்லிங்’ பாட்டைக் கேட்கும்போது எதிரே நூறு பேர் அமர்ந்திருப்பதாகவே தோன்றுகிறது. நாற்பதாண்டு மேடைப் பழக்கம் அறைக்குள்ளும் கூடவே வந்திருக்கிறது.

பாடல்கள் 2011 ஜனவரியில் வெளிவந்தன. படம் பிப்ரவரி 18-ஆம் நாள். இடையே குடியரசு நாளையொட்டி வந்த விருதுப் பட்டியலில் உஷாவுக்குப் பத்மஸ்ரீ. படம் பெரும் வெற்றி அடைந்தது என்று சொல்வதற்கில்லை, இருண்ட கதை, கூட்டம் தயங்கிற்று. பாட்டோ படத்தை விட்டு இறங்கித் தெருவுக்கு வந்தது. பண்பலை நிலையங்கள் அதை விடாது ஒலிபரப்பின. தொலைபேசியில் அழைத்தால் மணிக்குப் பதில் அப்பாட்டு. பாடகிக்கு அப்போது வயது அறுபத்து மூன்று.

2012 ஜனவரியில் ‘பிலிம்பேர்’ விழாவில் சிறந்த பின்னணிப் பாடகிக்கான விருது உஷாவுக்கும் ரேகாவுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. முன்னரும் பரிந்துரைப் பட்டியலில் உஷாவின் பெயர் வந்ததுண்டு, பரிசு வந்ததில்லை. இந்தித் திரைக்கு முதன்முதலாகப் பாடி நாற்பதாண்டுகளுக்குப் பின் கிடைத்த முதல் பிலிம்பேர் விருது அது. இதில் எனக்கு ஒரு குறை உண்டு. பழைய பாட்டுகளின் மெட்டு யாருடையது என்று அந்நாளில் யாரும் உரக்கப் பேசவில்லை. புகழும் பழியும் பாடியவர் தலையில் விழுந்தன. அமைச்சர் தடுத்ததும் பாடகியைத்தான், மெட்டை எடுத்தாண்டவரை அன்று. கலின்காவின் கடனோ மறைக்கப்படவில்லை, பெருமையோடு சொல்லப்பட்டது, விருதும் வந்தது. காலம் மாறியதா, காரணம் வேறா என்பதை இசை ஆராய்வோர் சொல்லட்டும்.

அதே 2011-ஆம் ஆண்டு தமிழிலும் இத்தகைய மறுவருகை ஒன்று நிகழ்ந்தது. டிசம்பரில் வெளியான ‘ஒஸ்தி’ படத்தில், தமன் இசையில், எல். ஆர். ஈசுவரி பாடினார். 1961-இல் ‘பாசமலர்’ திருமணப் பாட்டினால் வீடுதோறும் அறிமுகமானவர். பின்னர் நடன விடுதிப் பாட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டவர். திரையில் வாய்ப்புக் குறைந்தபோது அம்மன் பாட்டுகளால் வாழ்ந்தவர். ஆடி மாதத்தில் தாராவியின் கோயில்களில் ஒலிபெருக்கி கட்டினால் முதலில் கேட்பது அவர் குரல்தான். எழுபதைக் கடந்த வயதில் அவரை மீண்டும் ஆட்டப் பாட்டுக்கு அழைத்தார்கள். அவரும் வந்து பாடிச் சென்றார். ஒரு குரலைச் சாமி பாட்டுக்கும் ஆட்டப் பாட்டுக்கும் ஒருசேர ஏற்றுக்கொள்ளும் தாராவி மக்களின் காதுக்கு, மாதுங்காவின் காதைவிடப் பரந்த இதயம் உண்டு என்று நான் சொன்னால் மாதுங்கா நண்பர்கள் கோபிக்கக் கூடாது. அந்தத் தாராவியிலிருந்து புறப்பட்ட ‘டோப்படெலிக்ஸ்’ குழு இளைஞர் 2018-இல் ‘காலா’ படத்துக்குத் தமிழில் ராப் இசைத்தனர்.

பம்பாய்த் தமிழர் குரல்களில் பெரும்புகழ் பெற்றவை வேறு உண்டு. வேலூரில் பிறந்து, மணமாகி இந்நகருக்கு வந்து, வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே இந்துஸ்தானி பயின்று, 1971-இல் ‘குட்டி’ படத்தில் பாடிய வாணி ஜெயராம். 1996-இல் லெஸ்லி லூயிசோடு ‘கலோனியல் கசின்ஸ்’ கண்ட ஹரிஹரன். செம்பூரில் வளர்ந்து 1998-இல் ‘பிரெத்லெஸ்’ பாடிய சங்கர் மகாதேவன். இவர்கள் அனைவர்க்கும் சாஸ்திரிய சங்கீதம் கையிலிருந்த சான்றிதழ். மாதுங்கா அவர்களைத் தன்னவர் என்று உடனே சொல்லிக்கொண்டது. உஷாவிடம் அந்தச் சான்றிதழ் இல்லை. பைகுலாவின் தெருவும், இலங்கை வானொலியும், ஒரு கட்டைக் குரலுமே இருந்தன. 2024-இல் அவருக்குப் பத்மபூஷண் வழங்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் கணவரை இழந்தார்.

‘டார்லிங்’ வெளியான மறு ஆண்டு, செம்பூரில் எங்கள் உறவினர் வீட்டுத் திருமணம். முதல் நாள் மாலை, வடநாட்டு வழக்கப்படி, இளம்பெண்கள் ஆட வேண்டும் என்றனர். நாகசுரக்காரர்கள் ஜானவாசத்துக்கு ஆயத்தமாக ஓரமாக அமர்ந்திருந்தனர். ஒலிபெருக்கியில் இந்தப் பாட்டு எழுந்தது. பெண்கள் ஆடினர், விரைவு கூடக் கூட வயதானவர்களும் கைதட்டினர். முதுமையால் செவி சற்று மந்தமான என் தாயார், இது யார் குரல் என்று கேட்டார். பெயரைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். “அன்றைக்கும் இப்படித்தான் பாடினாளா?” என்றார். இப்படித்தான் என்றேன். பாட்டு முடிந்ததும் தவில்காரர் தம் குச்சியால் அந்தத் தாளத்தை மெதுவாகத் தட்டிப் பார்த்தார். நாகசுரக்காரர் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சீவாளியை நனைத்துப் பொருத்தி, அந்த ருசிய மெட்டின் முதலடியை ஒரு தரம் ஊதினார். பிறகு மாப்பிள்ளை வண்டி வந்துவிட்டதென்று யாரோ கூவவே, எல்லாரும் வாயிலுக்குச் சென்றோம்.